டெல்பினோட அம்மா

ஜன்னல் சீட்டு உன்னோடதா தாயி? பரவாயில்ல, நீயே உக்காரு, எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வச்சுக்கறேன், இடிச்சாச் சொல்லு. பச்சப்புள்ளைக்குச் சாமான் இருக்கு. மேல வச்சா எவனாவது பெட்டியத் தூக்கி அது தலையில போட்டுருவான். எக்மோர் வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளு கெடச்சுச்சு.

என்ன அப்படிப் பாக்குற? எங்கேயோ பாத்த மொகமா இருக்கா? யோசி, யோசி. ஆங்... சரியாச் சொல்லிட்டா பாரு! டெல்பினோட அம்மாதான். பிலோமினா. அந்த டெல்பினேதான், வேற எந்த டெல்பின் இருக்கா நாட்டுல? மெதுவாப் பேசு தாயி, முன்சீட்டு ஆளு திரும்பிப் பாக்குறாரு. நான் யாருக்கும் தெரியாமப் போய்ட்டிருக்கேன். சரி, பாத்தாப் பாக்கட்டும், நாம என்ன திருடிக்கிட்டா போறோம்.

உன் பேரு என்ன? நிரோஷாவா. ஆஸ்பத்திரி லேபுல வேலையா. நல்ல வேலை. ஒரு எடத்துல உக்காந்து பாக்குற வேலை. எம்பொண்ணுக்கு அப்படி அமையல. அவளுக்கு நின்னுக்கிட்டே இருக்கற வேலை, அதுவும் லைட்டுக்கு நடுவுல.

அவங்க அப்பா சூசைராஜ்னா திண்டுக்கல் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருந்தவங்க எல்லாருக்கும் தெரியும். ரிதம் பேடு வாசிப்பாரு. திருவிழா, கல்யாணம், புதுநன்மை விழா, எல்லாத்துக்கும் போவாரு. ஒரு மாதா கோயில் திருவிழாவுல இவளை சேர் மேல ஏத்தி மைக்கக் குடுத்துட்டாரு. பல்லு விழுந்த வயசு. ஆத்தி, பாடுச்சு பாரு! கீழ கடலை வித்துக்கிட்டிருந்தவன் தட்ட எறக்கி வச்சுட்டு நின்னான். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவ இந்த ஊருல இருக்க வேண்டியவ இல்லைன்னு.

அப்புறம் அந்த மனுசன் ஆர்க்கெஸ்ட்ராவுல பாட வந்தவளோட திருப்பூருக்குப் போய்ட்டாரு. போனவரு போனதுதான். புள்ள தெனம் கேக்குறா, அப்பா எங்க, அப்பா எங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல? மஸ்கட்ல ஒரு ஓட்டல்ல வாசிக்கப் போயிருக்காருன்னு சொல்லி வச்சேன். எந்தத் தாயும் அதத்தான் சொல்லுவா. ஒரு நாள் தலை வாரிக்கிட்டிருக்கேன், கேக்குறா, "மஸ்கட்ல நம்ம டிவி தெரியுமாம்மா?"ன்னு. தெரியும்டின்னேன். "அப்போ நான் டிவில பாடுனா அப்பா பாப்பாரா?" பாப்பாருன்னேன். அப்படித்தான் அந்த டிவி பாட்டுப் போட்டிக்குப் போனா. நான் ஒண்ணும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல, ஊர்ல ஆயிரம் பேசுவாங்க.

நீ பாத்திருக்கியா அந்தப் போட்டிய? அப்போ உனக்கும் சின்ன வயசுதான் இருக்கும். பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது தாயி, பாட்டு மட்டும் பாடுனா ஓட்டு விழாது அங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கஷ்டம் வேணும். ஒருத்தனுக்கு அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, ஒரு புள்ளைக்கு வீடு ஓலைக்குடிசை, மழை பேஞ்சா ஒழுகுது, அதைக் காமிக்கிறாங்க. எங்க வீட்டுக்கும் கேமராவோட வந்தாங்க. வந்த டைரக்டர் தம்பி சுத்திச் சுத்திப் பாத்தாரு. சிமெண்டுத் தரை, காங்க்ரீட்டுக் கூரை, மூலையில ஒரு ஃபிரிட்ஜு. தம்பிக்கு மொகமே விழுந்துருச்சு. "அக்கா, வேற ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டாரு. எனக்கு அவமானமாப் போச்சு. இருக்குன்னு சொன்னேன்.

சொன்னதும் தம்பி நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. இத வீட்டுல எடுக்க வேணாங்க்கா, செமி ஃபைனல்ல மேடையிலயே வச்சுக்குவோம், நீங்களே சொல்லுங்க. புள்ளைக்கு முன்னாடியே சொல்லிராதீங்க, சொல்லிட்டா மொகத்துல வராதுன்னாரு. அதுவும் நாயந்தானே? அவங்க தொழில் அவங்களுக்குத் தெரியும்.

செமி ஃபைனல். வெள்ளைக் கவுன், தலையில பூ வச்ச ஹேர் பேண்டு, பொம்மையாட்டம் நிக்கிறா. இன்னைக்கு யாருக்காகப் பாடப் போறன்னு கேட்டாங்க. "மஸ்கட்ல இருக்கற எங்க அப்பாவுக்காக"ன்னா. அப்போ மைக்கு எங்கிட்ட வந்துச்சு. மாதாவ நெனச்சுக்கிட்டேன், சொல்லிட்டேன். மஸ்கட் எல்லாம் இல்லைங்க, அவரு திருப்பூர்ல வேற குடும்பத்தோட இருக்காரு, எம்புள்ளைக்கு இது தெரியாதுங்கன்னு.

திரும்பி என்னப் பாத்தா. மொதல்ல அழல. "அப்போ அப்பா என்னப் பாக்கலையா?"ன்னு கேட்டா. மைக்கு கையில இருக்குல்ல, ஊருக்கே கேட்டுச்சு. அய்யோ, அந்த எடத்துல அழாத ஆளு கெடையாது தாயி! கேமராமேன் தோள்ல கண்ணத் தொடைக்கிறான். ஜட்ஜு அம்மா எந்திரிச்சு ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. பத்து நிமிசம் விட்டுட்டு, மூக்கத் தொடச்சு, பவுடர் போட்டு, மியூசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பாடிட்டா! ஒரு எடத்துல கூட சுதி எறங்கல. அதே பாட்டு, அதே அப்பா பாட்டு.

அவதான் ஜெயிச்சா. நான் மட்டும் அன்னைக்கு வாயத் தொறக்கலைன்னா செமி ஃபைனலோட மூட்டையக் கட்டிக்கிட்டு வந்திருப்போம். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்ல. போகட்டும், பெத்தவ அதெல்லாம் எதிர்பாக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் ரொம்பச் சமத்தாயிட்டா. அது எங்க, இது ஏன்னு எங்கிட்ட எதையுமே கேக்க மாட்டா. அவ்வளவு பக்குவம் அந்த வயசுல.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியுமே. சினிமாவுல பாடுனா. சினிமாப் பாட்டு போதும்னு தனியா ஆல்பம் போட்டா. அந்த மழைப் பாட்டு, முடிய வெட்டிக்கிட்டு ஒரு பக்கம் நீலச் சாயம் பூசிக்கிட்டு ஆடுவாளே. நீயும் ஆடியிருக்கியா காலேஜுல? பாத்தியா! மலேசியா, கனடான்னு கூட்டிட்டுப் போனாங்க. மேடைக்குக் கீழ பொண்ணுங்க எல்லாம் ஒரு பக்கம் நீலம் பூசிக்கிட்டு நின்னு டெல்பின், டெல்பின்னு கத்துதுங்க. நானும் கீழ நின்னு கத்துனேன். பக்கத்துல நின்ன புள்ளகிட்ட, நான்தான்மா பெத்தேன்னு சொன்னா நம்பல. போட்டோவக் காட்டுனப்புறந்தான் நம்புச்சு.

பேரு வந்தா கூடவே வயித்தெரிச்சலும் வந்துரும். ஒரு வாரப் பத்திரிகைக்காரன் எழுதுனான், மலைக்கோட்டை ஊருப் பாடகி டிரம்ஸ் பையனோட சுத்துறா, ரெண்டு வீட்டுலயும் ரகளையாம்னு. பேரு போடல. கிசுகிசுன்னா பேரு போட மாட்டானுங்க. பேரப் போடலைன்னா விட்டுருவேனா? எங்க திண்டுக்கல்லுலதானே மலைக்கோட்டை இருக்கு! நேரா ஆபீசுக்குப் போன் போட்டேன். ஏய்யா, எம்பொண்ணு டெல்பின் அப்படிப்பட்டவ இல்ல, அந்தப் பையன் பேரு இன்னது, அவன் அவளுக்கு அண்ணன் மாதிரி, வீட்டுக்கு வந்தா என் கையால சாப்டுட்டுப் போவான், இனிமே எழுதுன, நடக்கறதே வேறன்னு கிழி கிழின்னு கிழிச்சேன். பயந்துட்டான். ரொம்ப மரியாதையாப் பேசுனான். அடுத்த வாரம் அட்டையிலயே போட்டுட்டான், "டிரம்ஸ் காதலா? டெல்பின் தாயார் ஆவேச மறுப்பு"ன்னு. என் போட்டோவும் போட்டிருந்தான், நல்லா விழுந்திருந்துச்சு. அதப் பாத்துட்டு அந்தப் பையன் அவ மியூசிக் பேண்ட விட்டே போய்ட்டான். நல்லவனா இருந்தா ஏன் ஓடணும்? நீயே சொல்லு.

அதுக்கப்புறம் யூடியூப்காரங்க விட்டாத்தானே. அம்மா ஒரு பேட்டி, அம்மா ஒரு பேட்டி. நான் ஒருநாளும் எம்பொண்ணப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசுனதில்ல தாயி. தப்பாப் பேசுறவனுக்குப் பதில்தான் சொன்னேன். நாம பேசாம இருந்தா அவன் சொன்னது நெசம்னு ஆயிராதா? இவ திட்டுவா. "யாரும் கேக்கவே இல்லாததுக்கெல்லாம் நீ பதில் சொல்றம்மா"ன்னு கத்துவா. கோவக்காரி, அப்படியே அவங்க அப்பா.

ஒரு தடவ ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு. காய்ச்சல்னு சொல்லுங்கன்னு மேனேஜர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. காய்ச்சல்னுதான் சொன்னேன். வாசல்ல பத்து மைக்கு, ஒரு பய கேக்குறான், மாத்திரை சாப்பிட்டாங்களாமேன்னு. அதெல்லாம் பொய்யுங்க, தூக்கம் வரலைன்னு கூடக் கொஞ்சம் போட்டுட்டா, சாகறதுக்கெல்லாம் போடல, சின்னப்பொண்ணு, எல்லாரும் ஜெபம் பண்ணுங்கன்னு கையெடுத்துக் கும்புட்டேன். ஊரே ஜெபம் பண்ணுச்சு. பள்ளிவாசல்ல கூட துவா பண்ணாங்களாம். இந்தப் பாசம் யாருக்குக் கெடைக்கும்?

மூணாம் நாள் கண்ணத் தொறந்து நல்லாப் பேசுனா. பக்கத்துல இருந்த நர்சு சும்மா இருக்காம போன்ல அந்த வீடியோவக் காட்டிட்டா. பாத்துட்டு, அந்த நர்சுகிட்டயே போனத் திருப்பிக் குடுத்துட்டா. கத்துவான்னு பாத்தேன், கத்தல. "உனக்கு எங்கிட்டப் பேசத் தெரியாதும்மா. என்னப் பத்திப் பேசத்தான் தெரியும்"னா. சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. இதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அவகிட்டப் பேசறதுக்கும் அவளப் பத்திப் பேசறதுக்கும் என்ன வித்தியாசம்? அவள விட்டா எனக்கு வேற என்ன பேச்சு இருக்கு?

ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வரல. வேற எங்கயோ போய்ட்டா. நம்பர மாத்திட்டா. பாட்டும் பாடல. கல்யாணம் ஆனதே எனக்கு நியூஸ்லதான் தெரியும், சவுண்டு இன்ஜினியராம், ரூபன்னு பேரு. பெத்தவளுக்கு நியூஸ்ல தெரியுது பாத்தியா. அன்னைக்கு நான் அழுத அழுகை அந்த மாதாவுக்குத்தான் தெரியும். யாரும் மைக்க நீட்டாத அழுகை அது. பாயில குப்புறப் படுத்துக்கிட்டு, துணிய வாயில அடைச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேக்காம அழுதேன். அவ பழைய பாட்டெல்லாம் யூடியூபுல போட்டுப் போட்டுக் கேப்பேன். கீழ எல்லாரும் எழுதுறாங்கள்ல, நானும் எழுதுவேன். "பாப்பா சாப்டியா"ன்னு எழுதுவேன். தெனம் அதேதான். யார் யாரோ சிரிச்சு வைப்பாங்க, யார் யாரோ ஹார்ட்டுப் படம் போடுவாங்க. அவ ஒண்ணும் போட மாட்டா.

இந்தா, விழுப்புரம் வந்துருச்சு. வடை வாங்குவோமா? வேணாமா. எனக்கும் எறங்காது இன்னைக்கு.

சொல்றேன், சொல்றேன். நீ நம்ம புள்ள மாதிரி, உங்கிட்டச் சொன்னா என்ன. போன வாரம் ஒரு போன். "அத்தை, நான் ரூபன் பேசறேன்"னு. அத்தைன்னாரு தாயி! எனக்குக் கால் தரையில இல்ல. டெல்பிக்குப் பொண்ணு பொறந்திருக்காம். மாசம் மூணாச்சாம். நாளைக்கு ஞானஸ்நானம், மெட்ராசுக்கு வெளிய கடல்கரைப் பக்கம் ஒரு சின்னக் கோயில்ல. அவளே சொன்னாளாம், அம்மாவக் கூப்பிடுன்னு. அவளே! பின்னால அவ கொரலு லேசாக் கேட்டுச்சு. "வரச் சொல்லு, ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சுச்சுன்னா அவ்வளவுதான், மறுபடி கூப்பிட மாட்டேன்னு சொல்லு"ன்னா. அது போதும் எனக்கு. அந்தக் கொரலக் கேட்டு எத்தன நாளாச்சு.

புள்ள பொறந்ததே வெளிய ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்தக் கேமராக்காரனுங்க புள்ளையத் தொட்டிலோட தூக்கிட்டுப் போய்ருவானுங்க. அதனால போட்டோ கூட எனக்கு அனுப்பல. பேரு என்னன்னு கேட்டேன், வந்து உங்க காதாலயே கேட்டுக்கங்க அத்தைன்னுட்டாரு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. என் மடியில குடுத்துட்டுச் சொல்லட்டும். வசம்பு வளையல் வாங்கியிருக்கேன், வெள்ளியில அரைஞாண் வாங்கியிருக்கேன். அவ மூக்கா, அவரு மூக்கான்னு தெரியல. பாத்துட்டேன்னா போதும் தாயி. ஒரு தடவ அவ கையால அந்தப் புள்ளைய எங்கையில குடுத்துட்டா, பழசெல்லாம் போய்ரும்.

போட்டோவா? நம்ம ரெண்டு பேருமா? எடு, எடு, அதுக்கென்ன. இரு, தலையக் கோதிக்கிறேன். அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கந்தான் எனக்கு எடுப்பா இருக்கும். ம்... நல்லா வந்திருக்கே! ஸ்டேட்டஸ்லயா? போட்டுக்க, உன் கூட்டாளிகளுக்கும் தெரியட்டும், யாரு கூட வந்தன்னு. நாலு வரி எழுதியிருக்கியே, என்னது, படி. "டெல்பினோட அம்மா கூட டிரெயின்ல. பேத்தி ஞானஸ்நானத்துக்குப் போறாங்க. எவ்வளவு பாசமான அம்மா." அடி என் ராசாத்தி! என்னா அழகா எழுதியிருக்க. எனக்கு இப்படி ஒருத்தரும் எழுதுனதில்ல. கடல்கரைக் கோயில்லன்னு சேத்துக்க, படிக்க நல்லா இருக்கும். எம்பொண்ணு ரசிகைதானே நீயும். அந்தக் கேமராக்காரனுங்க மாதிரியா?

செங்கல்பட்டு தாண்டியாச்சா? ஏரியில தண்ணி நெறையக் கெடக்கு. இன்னும் கொஞ்ச நேரந்தான். மருமகன் ஸ்டேசனுக்கே கார் கொண்டாரேன்னு சொல்லியிருக்காரு. இரு, அவருதான் கூப்பிடுறாரு, நூறு வயசு.

ஹலோ, சொல்லுங்க மாப்ள, செங்கல்பட்டு தாண்டிட்டோம்... என்னது? கேக்கல, ரயில் சத்தம்... ஃபாதருக்கா? ஃபாதருக்கு ஏன் போன் பண்றாங்க?... எந்தச் சேனலு?... அய்யோ, இல்ல மாப்ள, நான் யார்கிட்டயும்... மாதா மேல சத்தியமா... மாப்ள, நான் வெளிய எங்கயாவது நிக்கிறேன், தூரமா நின்னு பாத்துட்டு... பாப்பாகிட்டக் குடுங்க. ஒரே ஒரு தடவ குடுங்க... பக்கத்துல இருக்காளா? அழுகுறாளா? மாப்ள... ஹலோ... ஹலோ...

வெச்சுட்டாரு.

வர வேணாம்னுட்டாரு. கடல்கரைக் கோயில் ஒவ்வொண்ணுக்கா சேனல்காரங்க போன் பண்ணிப் பாத்தாங்களாம், இந்தக் கோயில் வாசல்ல ஆளு வந்துட்டாங்களாம். ஞானஸ்நானம் இப்ப இல்லையாம். புள்ளையத் தூக்கிக்கிட்டு வேற எங்கயோ கெளம்புறாங்களாம். எங்கன்னு சொல்லல. "நீங்க அடுத்த வண்டியில ஊருக்குப் போய்ருங்க அத்தை"ன்னாரு. அப்பவும் அத்தைன்னுதான் சொன்னாரு.

யாரு சொல்லியிருப்பா தாயி? பக்கத்து வீட்டுல கூட வேளாங்கண்ணிக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் தெரியாது. எந்தப் பாவி பாத்த வேலை இது? எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடறதுக்குன்னே சுத்துறானுங்களே.

நீ ஏம்மா அழுகுற? உன் ஸ்டேட்டஸா? சீ, அசடு. அதுல என்ன இருக்கு? நல்லதத்தானே எழுதுன. பாசமான அம்மான்னு எழுதுனதுக்கு யாருக்குக் கோவம் வரும்? கண்ணத் தொடச்சுக்க. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அழிச்சுட்டியா? ஏன் தாயி அழிச்ச? நல்லா இருந்துச்சே.

இரு, தண்ணி இருக்கா? ம்... போதும். மூணு மாசப் புள்ள, இந்த வெயில்ல எங்க தூக்கிட்டு அலையுறாங்களோ. அவ அழுகுற சத்தம் கேட்டுச்சு தாயி. சின்னதா அந்தப் புள்ள சத்தமும் கேட்டுச்சு. அத மட்டுந்தான் கேட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. நான் அவள எப்படிப் புடிப்பேன்? நம்பர் கெடையாது, இவரும் இனிமே எடுக்க மாட்டாரு. எனக்கு அவகிட்டப் போக வேற வழியே இல்ல.

நிரோஷா, உன் போன எடு. எடும்மா, சொல்றேன்ல. ஒரு வீடியோ எடு. நான் பேசறேன், நீ போட்டு விடு, அது எப்படியும் அவகிட்டப் போய்ரும். எப்பவும் போயிருக்கு. தலையாட்டாத தாயி, உன் காலுல விழுறேன், இது ஒண்ணு மட்டும் பண்ணு. எம்பொண்ணுகிட்டத்தானே பேசப் போறேன். கண்ணத் தொடைக்கவா? வேணாம், இப்படியே இருக்கட்டும். கொஞ்சம் தள்ளிப் புடி, மொகம் முழுசாத் தெரியணும். ஆரம்பிக்கவா?

எல்லாருக்கும் வணக்கம். நான் டெல்பினோட அம்மா பேசறேன். பாப்பா, அம்மாடி. அம்மா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலடி. நீ எங்க இருந்தாலும் நில்லு, கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு ஓடாத. கடல்காத்து புள்ளைக்கு ஆகாது, காதுல பஞ்சு வையி. நான் வரல, வரவே இல்ல, எக்மோர்லயே உக்காந்திருக்கேன். புள்ளைக்கு என்ன பேரு வச்சீங்கன்னு மட்டும் யாராவது சொல்லி அனுப்பு. எல்லாரும் எம்பேத்திக்காக ஜெபம் பண்ணுங்க.

விழுந்துச்சா? நீ அழுதுக்கிட்டே எடுத்த, ஆடியிருக்கும். ரயில் சத்தம் வேற. இன்னொரு தடவ சொல்லணுமா? சொல்றேன் தாயி, எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன்.